ஆற்றை அளப்போர்

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக் கரையூர்களில் மக்கள் புதுப்புனலை வரவேற்கத் திரளுகின்றனர். பெண்கள் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் முளைப்பாரியும் ஏந்திப் படித்துறைக்கு வருகின்றனர். அதே காலையில், அதே ஆற்றின் கரையில் வேறொரு பணியும் நடைபெறுகிறது. மணி எட்டு ஆனதும் நீரளவு நிலையத்தின் தொழில்நுட்பப் பணியாளர், ஆற்றோரம் நடப்பட்ட அளவுகோலில் நீர் தொட்டு நிற்கும் கோட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். விழா நாளாயினும் மழை கொட்டும் நாளாயினும் இப்பணி நிற்பதில்லை. ஆற்றில் எவ்வளவு நீர் வருகிறது, அந்நீர் எத்தகையது என்னும் இரு வினாக்களுக்கு நாள்தோறும் விடை தேடும் பணி இது.

கரையில் நிற்கும் கோல்

ஆறுகளின் நீரோட்டத்தை மத்திய நீர் ஆணையமும் மாநிலங்களின் நீர்வளத் துறைகளும் கண்காணித்து வருகின்றன. 1945ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய நீர் ஆணையம், காவிரியில் பிலிகுண்டுலு, ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி முதலிய இடங்களில் நீரளவு நிலையங்களை நடத்துகிறது. துணையாறாகிய பவானியில் சவண்டப்பூரில் ஒரு நிலையம் உள்ளது. ஊராட்சிக்கோட்டை, பவானியாறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்கு மேலே அமைந்தது. கொடுமுடி அதற்குக் கீழே அமைந்தது. இந்நிலையங்களின் அளவுகளை ஒப்பிட்டால், துணையாறு கொண்டுவந்து சேர்த்த நீரையும் இடைவழியில் எடுக்கப்பட்ட நீரையும் மதிப்பிட இயலும்.

அளவெடுக்கும் இடம் மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அங்கே ஆறு வளைவின்றி நேராக ஓட வேண்டும். கரைகள் உறுதியாக இருக்க வேண்டும். சுழல்களும் பாறைத் தடைகளும் இருத்தல் கூடாது. அவ்விடத்தில் நடப்படும் அளவுகோலின் தொடக்கக் குறி, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது முன்னரே கணிக்கப்பட்டிருக்கும். ஆதலால் கோலைப் பார்த்த அளவிலேயே நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் என்று கூறிவிடலாம்.

ஆயினும், மட்டம் மட்டுமே நீரின் அளவைக் காட்டிவிடாது. அகன்ற ஆற்றில் மெல்ல நகரும் நீரும், குறுகிய ஆற்றில் விரைந்து பாயும் நீரும் ஒரே உயரத்தில் நிற்கக்கூடும். எனவே ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றையும் அளந்தாக வேண்டும்.

ஓட்டத்தை அளத்தல்

ஆற்றின் குறுக்கே ஒரு கோடு வகுத்துக்கொண்டு, அக்கோட்டின் வழியே ஆற்றைப் பல பட்டைகளாகப் பணியாளர்கள் பிரிக்கின்றனர். பாலத்தின் மீது நின்றோ, படகில் சென்றோ, இரு கரைகளுக்கும் இடையே கட்டிய கம்பிவடத்தின் துணைகொண்டோ ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தைக் காண்கின்றனர். பின்னர் நீரோட்டமானியை நீருக்குள் இறக்குகின்றனர். இக்கருவியில் சிறு கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் ஒன்று உண்டு. ஓடும் நீர் அதனைச் சுழற்றும். குறித்த நேரத்தில் சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணினால் நீரின் வேகம் கிடைத்துவிடும்.

கருவியை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதற்கும் முறை உண்டு. ஆற்று நீர் மேலும் கீழும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. படுகையை ஒட்டிய நீர் உராய்வினால் தளர்ந்து நகரும். மேற்பகுதி நீர் விரைந்து செல்லும். ஆழம் குறைந்த இடத்தில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கு கீழே எடுக்கும் வேகம், அப்பட்டையின் சராசரி வேகத்திற்கு மிக நெருங்கியிருக்கும். ஆழம் மிகுந்த இடத்தில் பத்தில் இரண்டு பங்கிலும் எட்டுப் பங்கிலுமாக இருமுறை அளந்து சராசரி காண்பர்.

எடுத்துக்காட்டாக, 5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய ஒரு பட்டையில் நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 6 கன மீட்டர் வரும். அதாவது, அப்பட்டை வழியே விநாடிக்கு 6,000 லிட்டர் நீர் செல்கிறது. பாசன வழக்கில் இதனை ஏறத்தாழ 212 கன அடி என்பர். எல்லாப் பட்டைகளின் அளவுகளையும் கூட்டினால் ஆற்றின் மொத்த நீர்ப்பாய்வு கிடைக்கும்.

இவ்வாறு பல நாள் அளந்த மட்டங்களையும் பாய்வுகளையும் வரைபடத்தில் குறித்து ஒரு வளைகோடு வரைவர். பின்னர் மட்டம் தெரிந்தால், அவ்வளைகோட்டிலிருந்து பாய்வை மதிப்பிடலாம். ஆனால் ஆற்றின் படுகை நிலையானதன்று. ஒரு வெள்ளம் மணலை அரித்துச் செல்லும். மற்றொன்று கொண்டுவந்து குவிக்கும். மணல் அள்ளுவதாலும் படுகை தாழும். அப்போது பழைய வளைகோடு பொய்த்துவிடும். இதனாலேயே பணியாளர்கள் மீண்டும் மீண்டும் ஆற்றில் இறங்கி அளக்க வேண்டியுள்ளது.

வெள்ள நாளில்

வெள்ளக் காலத்தில் பணி கடுமையாகிறது. நாளுக்குச் சில முறை பார்த்துவந்த மட்டத்தை மணிக்கொரு முறை பார்த்து, இரவிலும் செய்தி அனுப்புகின்றனர். மேலிருந்து வரும் இச்செய்தியைக் கொண்டே அணைக்குப் பொறுப்பானவர் மதகுகளைத் திறப்பது குறித்து முடிவெடுக்கின்றனர். கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்கு அனுப்பப்படுகின்றனர்.

பெருவெள்ளத்தில் வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து வரும். நீரோட்டமானியை இறக்கினால் கம்பி அறுந்து கருவி அடித்துச் செல்லப்படலாம். படகு செலுத்துவோர் உயிருக்கும் இடர் நேரும். அவ்வேளையில் மிதவை முறை கைகொடுக்கிறது. கரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரு கோல்களை நட்டு, மிதக்கும் பொருள் ஒன்று முதற்கோலிலிருந்து அடுத்த கோலைக் கடக்கும் நேரத்தைக் கணிப்பர். 25 விநாடியில் கடந்தால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால், இவ்வேகத்தை ஏறத்தாழ 0.85ஆல் பெருக்கிச் சராசரி வேகத்தைக் காண்பர். துல்லியம் சற்றுக் குறைந்தாலும் அன்றைய நாளுக்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

ஓர் எண்ணின் எடை

இத்துணை முயற்சி எதற்கு என்னும் வினாவுக்குப் பிலிகுண்டுலு விடை கூறும். தமிழ்நாடு கர்நாடக எல்லையில் அமைந்த அந்நிலையத்தில் பதிவாகும் அளவே, இரு மாநிலங்களுக்கிடையே காவிரி நீர் வந்து சேர்ந்ததற்குச் சான்றாகும். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் வழங்கிய இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் எல்லையில் 192 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை 177.25 டி.எம்.சி.யாக மாற்றியது. நூறு கோடி கன அடி கொண்டது ஒரு டி.எம்.சி. அந்நீரைக் கொண்டு ஏறத்தாழ 23,000 ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்திற்கு நீர் நிறுத்தலாம்.

ஆற்றில் விநாடிக்கு 10,000 கன அடி நீர் வரும்போது, அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை நேர்வதாகக் கொள்வோம். அது 500 கன அடி. பிழை திருத்தப்படாமல் தொடருமானால், 23 நாளில் அது ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. ஆகிவிடும். கணக்கில் கூடினால் வராத நீர் வந்ததாகக் கருதப்படும். குறைந்தால் வந்த நீர் மறைந்துபோகும். ஆற்றங்கரையில் ஒருவர் கோலைச் சாய்வாகப் பார்த்து எழுதும் எண், நெடுந்தொலைவில் நாற்றுவிட்டுக் காத்திருக்கும் உழவரின் வயலைத் தொடுகிறது. ஆதலின் பிழையாக எழுதிய எண்ணைச் சுரண்டி அழிக்காமல், ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியான எண்ணை அருகில் எழுதிக் கையொப்பமிடுவது நல்ல களப்பதிவின் மரபாகும். முதலில் எழுதியது யாது, மாற்றியவர் யார் என்பன பின்னர் பார்ப்பவருக்கு விளங்க வேண்டும்.

புட்டியில் ஏந்தும் நீர்

நீரின் தரத்தை அறிய மாதிரி எடுக்கும் பணியும் இதே அளவு கவனத்தை வேண்டுவது. கரையோரத்தில் தேங்கிய நீரையும் மேலே மிதக்கும் நுரையையும் தவிர்த்து, ஓட்டமுள்ள இடத்தில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து நீர் எடுக்கப்படுகிறது. புட்டியின் வாய் ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்க வேண்டும். பொது ஆய்வுக்குரிய புட்டியை ஆற்றுநீராலேயே பலமுறை அலசுவர். கிருமி ஆய்வுக்குரிய புட்டியோ முன்னரே தூய்மையாக்கப்பட்டது; அதனை அலசுதல் கூடாது.

வெப்பநிலை, அமில காரத்தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவை ஆற்றங்கரையிலேயே அளக்கப்படுகின்றன. பயண நேரத்தில் அவை மாறிவிடக்கூடும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் இன்னும் விரைவில் மாறும். மீன் முதலிய நீர்வாழ் உயிர்கள் அதனைக் கொண்டே உயிர்க்கின்றன. அதனை அளக்கும் முறை ஒன்றை அங்கேரிய வேதியியலாளர் லயோசு விங்க்ளர் 1888ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றுக்குமிழி புகாதவாறு புட்டியை நிரப்பி, மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்ப்பர். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். இல்லையேல் அது வெண்ணிறமாக நிற்கும். ஆய்வகத்தில் கணக்கிடுமுன்பே, ஆற்றின் உடல்நலம் பணியாளரின் கையிலுள்ள புட்டியில் தெரிந்துவிடுகிறது.

பிற மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு விரைகின்றன. அங்கு, நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்பது கண்டறியப்படுகிறது. இதற்கு உயிரிய ஆக்சிஜன் தேவை என்று பெயர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, நீராடுதற்குரிய ஆற்றுநீரின் ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிரிய ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

தெளிந்த நீரில் மறைந்த உப்பு

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் நல்ல நீராகிவிடாது. காவிரியின் துணையாறாகிய நொய்யல் இதனை உணர்த்தியது. திருப்பூரின் சாயத் தொழிலில் துணிக்குச் சாயமேற்றப் பெருமளவில் உப்பு பயன்படுத்தப்பட்டது. கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்கினாலும், கரைந்த உப்பு நீங்கவில்லை. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கியது, அணைநீர் பயிருக்கு உதவாததாயிற்று, கிணறுகளும் உவர்த்தன.

உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். எனவே மின்கடத்துமானியின் முனையை நீரில் தோய்த்தவுடன் உப்பின் மிகுதி எண்ணாக வெளிப்படுகிறது. உழவர்கள் நாவால் அறிந்த உவர்ப்பை அளவைகள் சான்றாக்கின. 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொள்ள வேண்டிய நிலை ஆலைகளுக்கு உண்டாயிற்று.

அளவும் தரமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் மாசு என்பது சிறிதாகத் தோன்றலாம். விநாடிக்கு 6,000 லிட்டர் ஓடும் ஆற்றில் அது நாளொன்றுக்கு 5,000 கிலோகிராமைக் கடந்த சுமையாகும். கோடையில் ஆறு மெலியும்போது, அதே கழிவு குறைந்த நீரில் கலந்து அடர்த்தி பெருகுகிறது. ஆகவே ஓட்டத்தை அறியாமல் தரத்தை மட்டும் ஆராய்வது அரைகுறை அறிவாகவே அமையும்.

கருவியும் மனிதரும்

இன்று ரேடார் அலைகள் நீர்மட்டத்தை அளக்கின்றன. படகிலிருந்து அனுப்பும் ஒலி அலைகள் நீரிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பி, ஆற்றின் வேகத்தை ஆழந்தோறும் காட்டுகின்றன. தானியங்கி நிலையங்கள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புகின்றன. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நீரியல் திட்டம் இத்தகைய கருவிகளைப் பரவலாக்க உதவியது.

ஆயினும் கருவியைப் பேண மனிதர் வேண்டும். நீரில் நிற்கும் உணர்முனையில் பாசி படரும், வண்டல் மூடும். அப்போதும் கருவி ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பொய்யான எண் என்பதை அக்கருவி அறியாது. களத்திற்குச் சென்று, முனையைத் துடைத்து, அளவறிந்த கரைசலில் தோய்த்துச் சரிபார்ப்பவர் பணியாளரே. நீரோட்டமானிகளும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன. புனேயிலுள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில், அசையா நீர் நிறைந்த நீண்ட தொட்டியில் தெரிந்த வேகத்தில் அவற்றை இழுத்துச் சென்று, சுழற்சிக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்கின்றனர்.

அணை கட்டவும் பாலம் அமைக்கவும் பல்லாண்டு நீரளவுகள் தேவை. வறட்சியில் குடிநீரைப் பங்கிடவும், வழக்குமன்றத்தில் நீதி கேட்கவும் அவையே அடிப்படை. தொலைந்த கருவியை மீண்டும் வாங்கலாம். அளக்காமல் விட்ட நாளின் நீர் கடலைச் சேர்ந்துவிட்டது, அதனை எவரும் மீண்டும் அளக்க இயலாது. இதனை அறிந்தவராதலால், ஆற்றை அளப்போர் நாளை காலை எட்டு மணிக்கும் அளவுகோலின் முன் நிற்பர்.