குருதியில் வரும் குலச்செய்தி

1952ஆம் ஆண்டில் நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியை ஆராய்ந்தபோதுதான், அரிவாள்போல் வளையும் சிவப்பணுக்கள் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டன. மரபணுவில் ஓரெழுத்துப் பிறழ்வதே இந்த அரிவாளணுச் சோகைக்கு மூலம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அப்பிறழ்வைப் பெற்ற மகவே நோயுறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாய் வாழ்வதால் தம் நிலையை அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

2023இல் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்பியக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது இதனாலேயே. தலசீமியாவிற்கும் இதுவே விதி. ஒரே பாட்டியின் பிறழ்வு மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் வந்திருக்கக்கூடும். ஆகவே, உறவில் மணம் பேசும் நம் சங்கக் குடும்பத்தார் நாள் குறிக்குமுன் குருதிச் சோதனை செய்வித்தல் நன்று. பிறழ்வு இருப்பது இழுக்கன்று. அதனை அறியாதிருப்பதே பிள்ளைக்கு இடர்.