காஃபீன் செய்யக் கற்ற நொதிகள்

காஃபீன் ஓர் ஆல்கலாய்டு. சாந்தைன் என்ற வளைய அமைப்பின் மேல் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறு. இதைத் தயாரிக்கும் செடிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு அல்ல. காப்பி வெட்சிப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொக்கோ செம்பருத்தியின் குடும்பம். பூவில் காஃபீன் சுரக்கும் எலுமிச்சை இனங்கள் கறிவேப்பிலையின் குடும்பம். பிரேசில் நாட்டுக் குவாரானா முடக்கத்தானின் குடும்பம். தேயிலைக்கோ தனிக் குடும்பம். இந்தக் குடும்பங்களில் மற்றச் செடிகள் பெரும்பாலானவற்றில் காஃபீன் கிடையாது. ஆகவே பொது மூதாதை விட்டுச்சென்ற சொத்து அல்ல இது. அவை தனித்தனியே கற்றுக்கொண்ட தொழில்.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. டிஎன்ஏவில் உள்ள அடினைன், குவானைன் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சாந்தோசின் எல்லாச் செடிகளிலும் உண்டு. காப்பிச் செடி அதில் முதல் மெத்திலை ஒட்டுகிறது. பின்னர் சாந்தோசினின் சர்க்கரைப் பகுதி கழன்றுவிடுகிறது. இரண்டாம் மெத்தில் சேர்ந்தால் தியோபுரோமின். மூன்றாவதும் சேர்ந்தால் காஃபீன். மெத்திலைக் கொடுக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனைனும் எல்லா உயிர்களிலும் இருப்பதே. புதிதாகத் தேவைப்பட்டது, ஒட்டும் வேலையைச் செய்யும் நொதி மட்டுமே.

அந்த நொதியும் பழைய சரக்கிலிருந்து வந்ததுதான். பூக்கும் தாவரங்களில் ‘சபாத்’ எனப்படும் மெத்தில்மாற்றி நொதிக் குடும்பம் பரவலாக உண்டு. இதன் உறுப்பினர்களில் சில சாலிசிலிக் அமிலத்தை மெத்தில் சாலிசிலேட்டாக மாற்றுகின்றன. வலித்தைலங்களில் மணப்பது இந்தப் பொருள்தான். நொதியின் உட்குழியில் பொருந்தும் மூலக்கூறே வினைபுரியும் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் அந்தப் பொருத்தம் பூட்டும் சாவியும் போல அத்தனை கறாரானதல்ல. தன் முதன்மை வேலைக்கு அப்பால் வேறு சில மூலக்கூறுகளிலும் நொதி சிறிதளவு வினைபுரியும். புதிய வேலைகள் பிறக்கும் இடம் இந்தத் தளர்வே.

அதற்கு வழிவிடுவது மரபணு இரட்டிப்பு. ஒரு மரபணு இரண்டு பிரதிகளாகும்போது ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். மற்றது மாறுவதற்குத் தடையில்லை. பெரும்பாலும் அந்தப் பிரதி பழுதாகி அழிந்துபோகும். எப்போதாவது, செடிக்குப் பயன்படும் மாற்றம் அதில் நிகழ்ந்து நிலைத்துவிடும். செனெசியோ என்ற செடியின் நச்சு ஆல்கலாய்டுகளை ஆராய்ந்த ஜெர்மானியர்கள் டீட்ரிச் ஓபரும் தாமஸ் ஹார்ட்மனும் 1999இல் இதற்குத் தெளிவான சான்று தந்தனர். அந்த ஆல்கலாய்டுகளின் முதல் படியை நடத்தும் நொதி, செல்லின் உயிர்வாழ்வுக்கே இன்றியமையாத வேறொரு நொதியின் இரட்டைப் பிரதியிலிருந்து வந்திருந்தது.

காஃபீன் நிலைத்ததற்கும் காரணம் உண்டு. இலையிலும் விதையிலும் அது பூச்சிகளை விரட்டுகிறது. காப்பி, எலுமிச்சை இனங்களின் பூந்தேனில் இருக்கும் மிகச் சிறிய அளவோ, தேனீக்களுக்குப் பூவின் மணத்தை நெடுநேரம் நினைவில் வைக்க உதவுகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

ரோபஸ்டா காப்பியின் மரபணுத்தொகுதி 2014இல் வெளியானபோது, சுமார் 25,500 மரபணுக்கள் தெரியவந்தன. காஃபீன் நொதிகளின் மரபணுக்கள் அடுத்தடுத்து இரட்டித்துப் பெருகியவை என்பதும், தேயிலையும் கொக்கோவும் சபாத் குடும்பத்தின் வேறொரு கிளையைப் பயன்படுத்தின என்பதும் உறுதியாயிற்று. இதைவிட வியப்பான ஆய்வு 2016இல் வந்தது. எலுமிச்சையும் குவாரானாவும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. ஆயினும் எலுமிச்சை காப்பியின் கிளையையும், குவாரானா தேயிலையின் கிளையையும் கையாள்கின்றன. அதே ஆய்வில், இன்றைய நொதிகளின் வரிசைகளை ஒப்பிட்டு, எலுமிச்சை வழியின் பண்டைய நொதிகளை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கினர். 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக வேறு வேலைகளுக்காகக் காக்கப்பட்ட நொதிகள் அவை. காஃபீன் பாதைக்குத் தேவையான வினைகளைச் செய்யும் திறன் அவற்றில் முன்பே இருந்தது. இன்றைய நிலையை அடைய மிகச் சில மாற்றங்களே போதுமாயிருந்தன.

மாற்றம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதைத் தேயிலையின் உறவினமான கொக்கோ தேயிலை காட்டுகிறது. தென் சீனாவில் வளரும் இதன் இலையில் காஃபீனுக்குப் பதில் தியோபுரோமினே சேர்கிறது. தேயிலையின் காஃபீன் நொதியில் சுமார் 370 அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்றாம் மெத்தில் ஒட்டுமா, இரண்டோடு நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அவற்றுள் ஒரே ஓர் இடம் என்று 2006இல் கண்டறியப்பட்டது.