இணையப் பெயர் வாணிகம்: இலாபமும் மெய்ந்நிலையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

மனை வாங்கி விற்போரைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் நாம் நன்கறிவோம். மண்ணில்லாத மனையொன்றும் இன்று விலை போகிறது. அதுவே 'டொமைன்' எனப்படும் இணையப் பெயர். 1999-இல் 'பிசினஸ் டாட் காம்' 75 இலட்சம் டாலருக்கும், 2019-இல் 'வாய்ஸ் டாட் காம்' 3 கோடி டாலருக்கும் கைமாறின. இவற்றைக் கேள்வியுற்ற விடுதி நண்பர்கள் சிலர், கல்வி உதவித்தொகையையே இதில் முடக்க எண்ணி என் கருத்தைக் கேட்டனர். வணிகவியல் மாணவன் என்ற முறையில் நான் போட்டுப் பார்த்த கணக்கை எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

உரிமையா, வாடகையா?

மனைக்குப் பட்டா உண்டு. இணையப் பெயருக்கு இல்லை. 1998-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஐகேன்' அமைப்பின் விதிகளுக்குட்பட்டு, கட்டணம் செலுத்தி 'டாட் காம்' பெயரை ஒரு தடவைக்குப் பத்தாண்டு வரைதான் பதியலாம். 'டாட் இன்' பெயர்களை நம் நாட்டின் 'நிக்சி' கவனிக்கிறது. தவணை முடிந்தும் புதுப்பிக்காவிடில், சில வாரச் சலுகைக்குப் பின் பெயர் நம் கையை விட்டுப் போய்விடும். ஆகவே இது கிரயம் அன்று, வாடகையே.

கணக்கு கூறுவது

ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். 50 பெயருக்கு 50,000 ரூபாய். அவற்றுள் ஒன்று 30,000 ரூபாய்க்கு விற்றதாகவே வைத்துக்கொள்வோம். விற்றுத் தருபவரின் தரகு நூற்றுக்கு இருபது என்றால், 6,000 போக மிஞ்சுவது 24,000. நட்டம் 26,000! மறு ஆண்டு எஞ்சிய 49 பெயருக்கும் 49,000 ரூபாய் கட்டியாக வேண்டும்.

நாமக்கல் முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது. சேலத்து ஜவ்வரிசியை விற்றுத் தர 1981-இல் தோன்றிய 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் உண்டு. விலை இறங்கினாலும் வாங்க ஆள் இருக்கிறது. இணையப் பெயருக்கோ, அதே சொல்லை விரும்பும் ஒருவர் வரவேண்டும். அவர் வராமலே போகலாம். கோடிக்கு விற்ற பெயர்கள் செய்தியாகின்றன. விலை போகாதவை செய்தியாவதில்லை.

சட்டம் கூறுவது

"பெரிய நிறுவனத்தின் பெயரை முந்திப் பதிந்துவிட்டால் அவர்களே தேடி வருவார்களே?" என்றார் ஒரு நண்பர். வருவார்கள், வழக்கோடு வருவார்கள். 'சிஃபி' என்ற பெயரில் இயங்கிய சென்னை சத்யம் இன்ஃபோவே நிறுவனம், அதையொத்த இணையப் பெயரைக் கையாண்ட வேறொரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டென 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் வணிகப் பெயரைத் தீய நோக்கோடு பதிந்திருந்தால், ஐகேன் 1999-இல் வகுத்த விதியின்படி, நீதிமன்றம் செல்லாமலே அதை மீட்டுக்கொள்ளவும் வழியுண்டு.

நாம் செய்யத்தக்கது

இதில் பொருளீட்டியோரே இல்லையா என்றால், இருக்கின்றனர். எவருடைய வணிகப் பெயருமல்லாத, எளிதில் நினைவில் நிற்கும் சொற்களை முன்னரே பதிந்து, ஆண்டுக்கணக்கில் வாடகை கட்டிக் காத்திருந்தவர்கள் அவர்கள். அப்படிக் காத்திருக்க, இழந்தாலும் தாங்கக்கூடிய பணம் வேண்டும். அடுத்த பருவத் தேர்வுக் கட்டணம் அத்தகைய பணம் ஆகுமா?

நண்பர்களே! நம்மில் பலர் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலையும், நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளையும், சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அத்தொழிலுக்கென ஒரே ஒரு பெயரைப் பதிந்து, அதன் வழியே வெளியூர் வாடிக்கையாளரைத் தேடித் தந்தால் அந்த ஆயிரம் ரூபாய் வீண்போகாது. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். கணக்கைப் பார்த்தபின் இறங்குவோம்.