கப்பல் பந்தி: ஓர் ஆளுக்கு 20 சதுர அடி

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்யும்போது, எந்த அறை என்று முடிவானதும் அடுத்து வருவது ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. மாலை 5.30, 6 மணி வாக்கில் முதல் பந்தியா, 8 அல்லது 8.30க்கு இரண்டாம் பந்தியா, இல்லை நேரம் குறிக்காமல் பசித்தபோது வருகிற வகையா? மூன்றுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. அதனால் பலர் யோசிக்காமல் மூன்றாவதைத் தட்டிவிடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரு சதுர அடிக் கணக்கு ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் தட்டினால் ஒரு வாரத்து மாலை நேரம் மிச்சம்.

பழைய கப்பல்களில் தொடங்கலாம். அவற்றின் அளவுகள் பதிவாகியிருக்கின்றன.

டைட்டானிக் (1912), முதல் வகுப்புக் கூடம்: 114 அடி நீளம், 92 அடி அகலம், 532 இருக்கை. ஆளுக்கு 19.7 சதுர அடி.
நார்மண்டி (1935): 305 அடி நீளம், 46 அடி அகலம், 157 மேசைகளில் 700 பேர். ஆளுக்கு 20 சதுர அடி.
குயீன் மேரி (1936): 143 அடி நீளம், 118 அடி அகலம், சுமார் 800 பேர். ஆளுக்கு 21 சதுர அடி.

ஒன்று குறுக்கே அகன்ற கூடம். ஒன்று ஜன்னலே இல்லாமல், லாலிக் கண்ணாடி விளக்குகளின் வெளிச்சத்தில் மட்டும் மின்னிய நீண்ட தாழ்வாரம் மாதிரியான கூடம். மூன்றாவது, மூன்று தளம் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. கட்டியவர்கள் வேறு, நாடு வேறு, அலங்காரம் வேறு. ஆனால் ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் சர்வர் தட்டோடு போய்வர வழியும் விட்டால் 20 சதுர அடி ஆகிவிடுகிறது. இன்று கட்டுகிற கப்பல்களில் இன்னும் நெருக்கியே நாற்காலி போடுகிறார்கள். இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு 20ஐயே அளவாக வைத்துக்கொள்வோம்.

டைட்டானிக் கணக்கில் இன்னொரு வரி உண்டு. அந்தப் பயணத்தில் முதல் வகுப்பில் ஏறியவர்கள் 324 பேர், இருக்கை 532. ஆக, 208 நாற்காலி உபரி. மூன்றாம் வகுப்பில் 709 பேர், இருக்கை 473. இங்கே 236 பேருக்கு நாற்காலி இல்லை. அவர்கள் முதல் பந்தி எழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். யார் காத்திருப்பது என்பதை டிக்கெட்டின் விலை தீர்மானித்தது.

அந்த முறை அப்படியொன்றும் ஒழிந்துவிடவில்லை. 2004-இல் ஓடத் தொடங்கிய குயீன் மேரி 2 கப்பலில் இப்போது 2,691 பேர் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு உரிய பிரிட்டானியா கூடத்தில் 1,300க்குச் சற்று மேல் இருக்கை. அங்கே மாலை இரண்டு பந்தி. விலை உயர்ந்த அறைகளில் இருப்பவர்களுக்கு குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில் என்று தனித்தனி உணவகங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 200 பேர். அவர்களுக்கு ஒதுக்கிய மேசை அவர்களுக்கு மட்டும்தான். 7 மணிக்கு வந்தாலும் 8.30க்கு வந்தாலும் அது காலியாகக் காத்திருக்கும். பிரிட்டானியாவின் நாற்காலி ஒரே மாலையில் இரண்டு பேருக்குச் சோறு போடுகிறது. கிரில் நாற்காலி ஒருவருக்கு மட்டும். அதாவது சாப்பிட கிரில் பயணிக்கு 20 சதுர அடி, பிரிட்டானியா பயணிக்கு 10.

இந்த 10 சதுர அடி மிச்சத்துக்கு என்ன விலை? 3,000 பயணிகள் போகிற ஒரு கப்பலைக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் பார்ப்போம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் 3,000 நாற்காலி, 60,000 சதுர அடி. இரண்டு பந்தி என்றால் 1,500 நாற்காலி, 30,000 சதுர அடி. மிச்சம் 30,000. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் ஜன்னல் இல்லாத சாதாரண அறை 185 சதுர அடி. நடைவழி, குழாய், சுவர் எல்லாம் சேர்த்து 250 என்று தாராளமாகவே வைப்போம். 120 அறை கிடைக்கும். அறைக்கு இருவர், 240 பேர். தலைக்கு நாளுக்கு 100 டாலர் என்று குறைத்தே போட்டாலும் தினம் 24,000 டாலர். ஆண்டில் 350 நாள் ஓடினால் 84 லட்சம் டாலர். டாலருக்கு 85 ரூபாய் வீதம் 71 கோடி ரூபாய்க்கு மேல். உங்களை 8.15க்கு வரச்சொல்வதில் கப்பல்காரருக்கு இவ்வளவு இருக்கிறது. நாடக அரங்கும் இதே தந்திரத்தில்தான் பாதி அளவில் கட்டப்படுகிறது. முதல் பந்திக்காரர் சாப்பிடும்போது மற்றவர் ஒரு காட்சி பார்ப்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

நேரத்துக்கு அடுத்தது மேசை. நம்மில் பலருக்கு அங்கேதான் கூச்சம். கணவனும் மனைவியுமாகப் போனால் முன்பின் தெரியாத ஆறு பேரோடு எட்டு பேர் மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் யார் என்று நாம் கேட்பதில்லை. இங்கே ஏழு ராத்திரியும் அதே முகங்கள் என்பதால் கொஞ்சம் தயக்கம் வரும். கூடத்தை நிர்வகிப்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். 240 இருக்கை கொண்ட ஒரு பகுதியை எட்டு பேர் மேசையாகப் போட்டால் 30 மேசை. மேசைக்கு நான்கு ஜோடி வைத்தால் 240 பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அதே 240 இருக்கையை நான்கு பேர் மேசையாக 60 போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி தனியாக உட்கார்ந்தால் 120 பேரோடு கூடம் 'நிரம்பிவிட்டது'. இருவர் மேசை இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் குறைவு, கேட்பவர்களோ அதிகம். நிலையான பந்தியில் மேசை எண்ணை முன்கூட்டியே ஒதுக்குவதற்குக் காரணம், ஒரு நாற்காலியும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இரண்டு பந்திக்கும் நடுவில் நடக்கும் வேலையைப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. 6 மணிக்கு உட்கார்ந்தவர்கள் 7.30க்கு எழுந்தால், 8.15க்கு அடுத்தவர்கள் வருவார்கள். நடுவில் 45 நிமிடம். ஒரு சர்வர், ஓர் உதவி சர்வர் என்ற ஜோடிக்குப் பொதுவாக 20 முதல் 24 பேர். ஓர் இடத்துக்கு இரண்டு முள்கரண்டி, இரண்டு கத்தி, ஒரு கரண்டி, ரொட்டித் தட்டு, தண்ணீர்க் கோப்பை, மடித்த நாப்கின் என எட்டுப் பொருள் வைத்தால் 24 பேருக்கு 192. எச்சில் தட்டுகளை அள்ளி, மேசையைத் துடைத்து, விரிப்பை மாற்றி, இந்த 192ஐயும் இருவர் அடுக்க வேண்டும். ஆளுக்கு 96 பொருள், 2,700 விநாடி. ஒன்றுக்கு 28 விநாடி. துடைக்கும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும். முதல் பந்தியில் ஒரு குடும்பம் காபி முடிந்தும் 20 நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், அந்த மேசைக்குக் கிடைக்கும் நேரம் 25 நிமிடம்தான். இனிப்பு முடிந்ததும் சர்வர் சிரித்தபடியே சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சில நிறுவனங்கள் சாதாரண ராத்திரிகளில் மேசை விரிப்பையே எடுத்துவிட்டன. சலவையும் மிச்சம், நிமிடமும் மிச்சம்.

சமையலறைக்கு மட்டும் இந்தப் பந்தி முறை பாரம். 1,500 பேர், ஆளுக்கு மூன்று வகை என்றால் 4,500 தட்டு ஒன்றரை மணி நேரத்தில் வெளியே போக வேண்டும், மணிக்கு 3,000. இரண்டு பந்திக்கும் வரும் 3,000 பேரையும் 5.30 முதல் 9.30 வரை நான்கு மணி நேரத்துக்குப் பரப்பினால் 9,000 தட்டுக்கு மணிக்கு 2,250 போதும். அடுப்படியில் நிற்பவர்கள் நேரம் குறிக்காத முறையை விரும்பினால் ஆச்சரியமில்லை.

நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-இல் இந்தச் சுதந்திரத்தையே விளம்பரமாக்கியது. பந்தி இல்லை, மேசை எண் இல்லை, கோட்டு டையும் வேண்டாம். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். இப்போது பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இரண்டு முறையும் ஒரே கப்பலில் ஓடுகின்றன. நம் 3,000 பேர் கப்பலில் அதையும் போட்டுப் பார்ப்போம். 1,500 இருக்கையில் பாதி, 750, பந்திக்கு. இரண்டு பந்தியில் 1,500 பேர் முடிந்தார்கள். மீதி 750 இருக்கை, நேரம் குறிக்காத 1,500 பேருக்கு. இவர்களில் ஐந்தில் ஒருவர் பஃபேக்கோ வேறு உணவகத்துக்கோ போய்விட்டால் 1,200 பேர். ஜோடிகள் தனி மேசை கேட்பதால் நாலில் ஒரு பங்கு நாற்காலி சும்மா கிடக்கும். உண்மையில் நிரம்புவது 560 சொச்சம். நான்கு மணி நேரம் இருக்கிறதே, ஒரே நாற்காலி இரண்டு முறை சுழலுமே என்று தோன்றும். சுழலும், மக்கள் சீராக வந்தால். ஆனால் பாதிப் பேர் 6.45க்கும் 7.15க்கும் இடையில் வந்து நின்றால் அரை மணியில் 600 பேர். 6 மணிக்கு வந்தவர்களோ இன்னும் எழவில்லை. வாசலில் வரிசை, கையில் பேஜர். அதே கூடம் 5.30க்கும் 9 மணிக்கும் வெறிச்சோடிக் கிடக்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. ராயல் கரீபியன் நிறுவனம் 2014 நவம்பரில் ஓடத் தொடங்கிய குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் பெரிய கூடத்தையே விட்டுவிட்டு, கட்டணமில்லாத நான்கு தனித்தனி உணவகங்களாகப் பிரித்தது. தினம் ஒன்றாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றது. பதிவுக் குழப்பம், வரிசை, முகம் தெரியாத சர்வர் என்று புகார்கள் குவிந்தன. ஓரிரு ஆண்டுகளிலேயே பழைய பந்தி முறை திரும்பி வந்தது. பயணிகளின் குரலால் ஒரு கப்பல் நிறுவனம் பின்வாங்கியது அபூர்வம். அதுவும் பழைய வழக்கத்துக்காக.

டிஸ்னி கப்பல்களின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 1998 முதல் அங்கே மூன்று உணவகம், இரண்டு பந்தி, வழக்கமாக 5.45க்கும் 8.15க்கும். குடும்பம் ஒவ்வொரு ராத்திரியும் ஓர் உணவகத்துக்கு மாறும், அவர்களின் சர்வர்களும் கூடவே மாறுவார்கள். 2022-இல் வந்த டிஸ்னி விஷ் கப்பலில் அதிகபட்சம் 4,000 பேர். அதை ஆறால் வகுத்தால் 667; உணவகத்துக்கு அவ்வளவு இருக்கை இருந்தால் கணக்கு முடிந்தது. புது இடம் பார்த்த திருப்தி பயணிக்கு, ஒரு நாற்காலியும் வீணாகாத திருப்தி கப்பலுக்கு. தன் பிள்ளைக்குக் கடலை ஒவ்வாது என்பதை ஏழு பேரிடம் ஏழு முறை சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இனி டிப்ஸ். இது சாப்பாட்டு நேரத்தைப் பொறுத்து மாறுவதில்லை. 2023 ஏப்ரலில் கார்னிவல் இதைச் சாதாரண அறைக்குத் தலைக்கு நாளுக்கு 16 டாலராக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ராயல் கரீபியன் 18 டாலராக்கியது. நான்கு பேர் குடும்பம், ஏழு ராத்திரி, 18 டாலர்: 504 டாலர், ஏறக்குறைய 42,800 ரூபாய். கூடத்துக்கே போகாமல் பஃபேயில் சாப்பிட்டாலும் இது கணக்கில் ஏறும். கட்டண உணவகம் ஒன்றுக்குப் போனால் தனி. நால்வருக்கு ஆளுக்கு 50 டாலர் என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு 200 டாலர். பெரிய கூடத்தின் வரிசை நீளும்போதெல்லாம் அந்தக் கதவு கவர்ச்சியாகத் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சென்னையிலிருந்து 2022 முதல் கப்பல்விட்ட கார்டீலியா ஆகட்டும், சிங்கப்பூருக்குப் பறந்துபோய் ஏறுகிற பெரிய கப்பல்கள் ஆகட்டும், நம்மூர்ப் பயணிகள் பெரும்பாலும் குடும்பமாகப் போகிறார்கள். தாத்தா, பாட்டி, பேரப் பிள்ளைகள், அதில் இரண்டு பேர் சைவம். அயல்நாட்டுக் கப்பல்களில் இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் தலைமைச் சர்வரிடம் முந்தின நாளே சொல்லிவைப்பது வழக்கம். பந்தியில் அதே சர்வர் தினமும் வருவதால் முதல் நாள் சொன்னது கடைசி நாள் வரை நிற்கும். நேரம் குறிக்காத முறையில் தினமும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். எட்டு பேருக்கு ஒரே மேசை கிடைப்பதும் 7 மணிக் கூட்டத்தில் சிரமம்.

ஆகவே என் தீர்ப்பு: ஆறு பேருக்கு மேல் போனால், அல்லது கூட முதியவரோ சிறு பிள்ளையோ இருந்தால், முதல் பந்தியைக் கேளுங்கள். இருவராகப் போய், 5.45க்கோ 8.45க்கோ சாப்பிடச் சம்மதமானால் நேரம் குறிக்காத முறையே சுகம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் குழந்தைக்காரர்கள் மொய்ப்பதால் முதல் பந்தி சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கப்பல் ஏறிய மதியமே, பெட்டி அறைக்கு வந்துசேரும் முன்பே, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்குப் போய் மேலாளரைப் பாருங்கள். மேசை மாற்றம் கேட்பவர்களுக்காக அன்று அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். முதல் ராத்திரி தாண்டிவிட்டால் மாற்றுவது கடினம்.