நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் முட்டைக்கூட்டு நூற்புழுக்களைப் பிரித்தறிதல்: டி.என்.ஏ. வரிசைமுறை ஆய்வின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரி மாவட்டத்தின் உருளைக்கிழங்கு வயல்களில் 1961-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு, தோற்றத்தால் பெரிதும் ஒத்த இரண்டு சிற்றினங்களைக் கொண்டது. எதிர்ப்புத்திறன் உடைய இரகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகும். உருவ அளவீடுகள் ஐயத்திற்கு இடம் தருமிடத்தில் டி.என்.ஏ. வரிசைமுறை எவ்வாறு தெளிவு தருகிறது என்பதையும், அம்முறையின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நீலகிரி, உருளைக்கிழங்கு, முட்டைக்கூட்டு நூற்புழு, டி.என்.ஏ. வரிசைமுறை, எதிர்ப்புத்திறன், தொற்றுத்தடை.

முன்னுரை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தேயிலைக்கு அடுத்தபடியாக மலைக்காய்கறிகளால் அறியப்படுபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜான் சல்லிவன் காலத்தில் அறிமுகமான உருளைக்கிழங்கு, படகர் உள்ளிட்ட மலை உழவர்களின் வாழ்வாதாரப் பயிராக வளர்ந்தது. கார்போகம், கடைப்போகம், நீர்ப்போகம் என ஆண்டுக்கு மூன்று பருவங்களில் இது பயிரிடப்படுகிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957-இல் உதகைக்கு அருகிலுள்ள முத்தோரையில் நிறுவப்பட்டது.

1961-இல் உதகைக்கு வந்த இங்கிலாந்து நூற்புழுவியல் அறிஞர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், விஜயநகரம் பகுதியில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். இந்தியாவில் இப்புழு பற்றிய முதற்பதிவு இதுவே. அன்று தொடங்கிய சிக்கல் இன்றும் தீரவில்லை. அதற்கு இப்புழுவின் வாழ்க்கை முறை ஒரு காரணம். வயலில் இருப்பது எது என்று உறுதியாக அறிவதில் இருந்த இடர்ப்பாடு மற்றொரு காரணம். இக்கட்டுரை இரண்டாவது காரணத்தை மையமாகக் கொண்டது.

புழுவின் வாழ்க்கைச் சுழற்சி

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியே இப்புழுவின் தாயகம். மண்ணிலுள்ள இளம்புழு வேர்க்குள் நுழைந்து, அங்கேயே தனக்கான உணவூட்டும் திசுவை உருவாக்கிக்கொள்கிறது. பெண்புழு உருண்டு திரண்டு வேரின் மேற்பரப்பைப் பிளந்து வெளித்தெரியும். அது இறந்தபின் அதன் தோலே இறுகிப் பழுப்புநிறக் கூடாகிறது. குண்டூசித் தலையளவே உள்ள அக்கூட்டினுள் 200 முதல் 500 முட்டைகள் வரை அடங்கியிருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள் மண்ணில் கலக்கும்போதே அவற்றுள் பெரும்பாலானவை பொரிக்கின்றன. அதுவரை 20 ஆண்டுகள் வரையிலும் அவை உயிர்ப்புடன் காத்திருக்க வல்லவை. ஓரிரு பருவங்கள் கேரட், முட்டைகோஸ், பூண்டு ஆகியவற்றைப் பயிரிட்டால் புழுக்களின் எண்ணிக்கை குறையுமே தவிர, முற்றிலும் அழிவதில்லை.

ஒரு பெயரில் இரண்டு சிற்றினங்கள்

1961-இல் இப்புழுவுக்கு உலகெங்கும் ஒரே அறிவியற்பெயரே வழங்கியது. 1970-களின் தொடக்கத்தில்தான் ஏ.ஆர். ஸ்டோன் அதனுள் மறைந்திருந்த மற்றொரு சிற்றினத்தைத் தனியே விவரித்தார். இன்று முன்னது குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ் எனவும், பின்னது குளோபோடெரா பல்லிடா எனவும் வழங்கப்படுகின்றன. நீலகிரியில் இரண்டும் உள்ளன. ஒரே வயலில் கலந்தும் காணப்படுகின்றன.

வேரிலுள்ள இளம் பெண்புழுவின் நிறம் ஓர் அடையாளமாகும். ரோஸ்டோகியென்சிஸ் வெண்மையிலிருந்து பொன்மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். பல்லிடா பொன்மஞ்சள் நிலையை அடையாமலே பழுப்பாகும். ஆனால் மண் மாதிரியில் கிடைப்பவை பெரும்பாலும் பழுப்பேறிய கூடுகளே. அந்நிலையில் கூட்டின் பின்முனையிலுள்ள வரிகளின் எண்ணிக்கை, இளம்புழுவின் வாய் ஊசிக் குமிழின் வடிவம் போன்றவற்றை நுண்ணோக்கியில் அளந்தறிதல் வேண்டும். இவ்வளவீடுகளின் வீச்சு இரண்டு சிற்றினங்களிலும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பயிற்சி மிக்கவருக்கும் ஐயம் எஞ்சுகிறது.

எதிர்ப்புத்திறனும் சிற்றின வேறுபாடும்

இந்த ஐயம் வகைப்பாட்டியலோடு நின்றுவிடுவதில்லை. உருளைக்கிழங்கின் ஆண்டீஸ் வகையொன்றிலிருந்து பெறப்பட்ட எச்1 என்னும் மரபணு, ரோஸ்டோகியென்சிஸின் குறிப்பிட்ட வகைகளைத் திறம்படத் தடுக்கிறது, பல்லிடாவைத் தடுப்பதில்லை. இம்மரபணுவைக் கொண்ட மாரிஸ் பைப்பர் என்னும் இரகம் 1960-களில் பிரிட்டனில் அறிமுகமாகிப் பரவலாகப் பயிரிடப்பட்டது. ரோஸ்டோகியென்சிஸ் குறைந்தது, அதன் இடத்தைப் பல்லிடா நிரப்பியது. இன்று இங்கிலாந்து வயல்களில் மேலோங்கி நிற்பது பல்லிடாவே. ஒன்றை மட்டும் தடுக்கும் இரகத்தைக் கலப்பு வயலில் தொடர்ந்து பயிரிடுவது மற்றொன்றை வளர்த்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

நீலகிரிக்கென 1985-இல் வெளியிடப்பட்ட குஃப்ரி ஸ்வர்ணா இரகம், சொலானம் வெர்னீ என்னும் காட்டு உருளைக்கிழங்கின் வழிவந்த எதிர்ப்புத்திறனைக் கொண்டது. இத்தகைய எதிர்ப்புத்திறன் பல மரபணுக்களின் கூட்டு விளைவாகும். எனவே அது எவ்வயலில் எந்தச் சிற்றினத்திற்கு எதிராக எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைத் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும். அக்கண்காணிப்புக்குச் சிற்றினத்தைப் பிழையின்றி அறிதலே முதற்படி.

டி.என்.ஏ. ஆய்வின் செயல்முறை

உலர்த்திய மண்ணை ஃபென்விக் கலத்தில் நீரோட்டத்துடன் கலக்கும்போது உலர்ந்த கூடுகள் மிதந்து வெளியேறுகின்றன. அவை சல்லடையில் சேகரிக்கப்படுகின்றன. தனிக்கூடு ஒன்றை நசுக்கி அதன் முட்டைகளிலிருந்தும் இளம்புழுக்களிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது.

அடுத்து ஆய்வுக்குக் கொள்ளப்படுவது ஐ.டி.எஸ். எனப்படும் பகுதி. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு இடையே அமைந்த இப்பகுதி புரத உருவாக்கத்தில் நேரடியாகப் பங்கேற்பதில்லை. அதனால் இதில் மாற்றங்கள் விரைந்து சேர்கின்றன. நெருங்கிய சிற்றினங்களும் இதில் வேறுபடுகின்றன. அதேவேளை, இருபுறமும் உள்ள மரபணுக்கள் பெரிதும் மாறாதவை. ஆதலால் பாலிமரேஸ் சங்கிலி வினைக்குரிய தொடக்கித் துணுக்குகளை அங்கே பொருத்த இயலும். பல்மன், மார்ஷல் ஆகியோர் 1997-இல் வடிவமைத்த தொடக்கிகளைப் பயன்படுத்தினால் ரோஸ்டோகியென்சிஸ் 434 கார இணைகள் கொண்ட துண்டையும், பல்லிடா 265 கார இணைகள் கொண்ட துண்டையும் தருகின்றன. ஜெல்லில் இரு துண்டுகளும் தெரியின் மாதிரியில் இரண்டு சிற்றினங்களும் உள்ளன என்பது பொருள்.

துண்டின் நீளம் விரைவான விடையைத் தரும். எனினும் நெருங்கிய உறவுடைய வேறு குளோபோடெரா சிற்றினம் அதே நீளத் துண்டைத் தந்துவிடும் வாய்ப்பு உண்டு. எனவே ஐ.டி.எஸ். பகுதியின் காரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தரவுத்தளத்திலுள்ள உறுதிசெய்யப்பட்ட வரிசைகளுடன் ஒப்பிடுதல் தேவையாகிறது. பல்லிடாவின் முழு மரபணுத்தொகுதி 2014-இலும் ரோஸ்டோகியென்சிஸின் மரபணுத்தொகுதி 2016-இலும் வெளியிடப்பட்டமை இவ்வொப்பீட்டுக்கு மேலும் வலுச்சேர்த்துள்ளது.

கடல்சார் நோயிலிருந்து ஓர் ஒப்புமை

பெயரளவில் ஒன்றாகத் தோன்றுவதை டி.என்.ஏ. வேறுபடுத்திக் காட்டும் நிலை இறால் பண்ணைகளிலும் நிகழ்ந்துள்ளது. ஆசிய நாடுகளில் இறால்களைத் திரளாகக் கொன்ற கல்லீரல்-கணைய அழுகல் நோய்க்கு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் கடற்பாக்டீரியா காரணம் என்று 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழுவினர் அறிவித்தனர். ஆனால் அப்பாக்டீரியாவின் எல்லா வகைகளும் இறாலைக் கொல்வதில்லை. ஏறத்தாழ 70,000 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட் ஒன்றில் உள்ள பிர்ஏ, பிர்பி மரபணுக்களே நச்சுக்கு மூலம் என்பது வரிசைமுறை ஆய்வால் பின்னர் வெளிப்பட்டது. சிற்றினப் பெயரை அறிவது அங்கே போதவில்லை. நூற்புழுவிலும் இதே எச்சரிக்கை தேவை.

முறையின் எல்லைகள்

முதலாவதாக, ஐ.டி.எஸ். வரிசை சிற்றினத்தைக் கூறுமேயன்றி, அப்புழு எந்த எதிர்ப்பு மரபணுவை வெல்லும் என்பதைக் கூறாது. அதனை அறியத் தொட்டிகளில் பல்வேறு இரகங்களை வளர்த்துப் புழுப்பெருக்கத்தை எண்ணிப் பார்க்கும் பழைய முறையே இன்றும் துணை. இரண்டாவதாக, இறந்த முட்டையிலும் டி.என்.ஏ. சிலகாலம் எஞ்சியிருக்கும், ஆகவே டி.என்.ஏ. கிடைத்தது என்பதனாலேயே புழு உயிருடன் உள்ளது என முடிவு செய்தல் ஆகாது. மூன்றாவதாக, சில கூடுகளை மட்டும் ஆராய்ந்தால் கலப்பு வயலில் சிறுபான்மையாக உள்ள சிற்றினம் தவறிவிடும். மாதிரி எடுக்கும் ஒழுங்கு பிழைப்பின் ஆய்வகத்தின் துல்லியத்தால் பயனில்லை.

முடிவுரை

தமிழ்நாடு அரசு 1971-இல் நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தொற்றுத்தடை விதித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2018-இல், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர், உத்தரகண்ட் பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் இதே புழுக்களின் பொருட்டு மத்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது. நாட்டின் விதைக்கிழங்கு ஆதாரங்களில் ஒன்றான அம்மலைகளுக்கு நீலகிரியின் பட்டறிவு முன்னோடிப் பாடமாகிறது. எந்த வயலில் எந்தச் சிற்றினம் எவ்விகிதத்தில் உள்ளது என்னும் வரைபடம் இருந்தால் இரகத் தேர்வு, பயிர்ச்சுழற்சி, தடையின் எல்லை ஆகிய மூன்றையும் வயலளவில் முடிவு செய்ய இயலும். அத்தகைய வரைபடம் இல்லாதவரை உழவர் பயிரிடும் எதிர்ப்பு இரகமே மற்றொரு சிற்றினத்திற்கு இடம் அளித்துவிடக்கூடும். டி.என்.ஏ. வரிசைமுறையைத் தொட்டி ஆய்வுடனும் முறையான மண் மாதிரி எடுப்புடனும் இணைத்து, ஊர்தோறும் பருவந்தோறும் மேற்கொள்வதே இனிவரும் ஆய்வுகளின் பணியாகும்.