நிறுத்தப்பட்ட அறிவியல் புனைவுத் தொடர்கள் மீதான ரசிகர் பற்று

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2002 செப்டம்பர் 20 அன்று ஃபயர்ஃபிளை என்னும் அறிவியல் புனைவுத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அத்தொடர் நிறுத்தப்பட்டது. எடுக்கப்பட்ட 14 பகுதிகளில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. மூன்று மாதம் மட்டுமே ஓடிய இந்தத் தொடருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ரசிகர் கூட்டம் இருக்கிறது. இதன் பெயரில் ஆண்டுதோறும் அறக்கொடைக்காகத் திரையிடல்கள் நடந்துள்ளன. நாவல்களும் சித்திரக்கதைகளும் வெளிவந்துள்ளன.

பல ஆண்டுகள் ஓடி முறையாக முடிவடைந்த எத்தனையோ தொடர்கள் மறக்கப்பட்டுவிட்டன. பாதியில் நிறுத்தப்பட்ட ஒன்று மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது? ஃபயர்ஃபிளையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஃபயர்ஃபிளை: சுருக்கமான அறிமுகம்

இத்தொடரை உருவாக்கியவர் ஜாஸ் வேடன். கதை 26ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. பூமியைவிட்டு வெளியேறிய மனிதர்கள் வேறொரு விண்மீன் மண்டலத்தில் பல கோள்களையும் துணைக்கோள்களையும் வாழத்தக்கவையாக மாற்றிக் குடியேறியுள்ளனர். நடுவிலுள்ள கோள்கள் செல்வச் செழிப்புடன் இருக்கின்றன. எல்லையிலுள்ள கோள்களில் மக்கள் குதிரையும் துப்பாக்கியுமாக, வறுமையில் வாழ்கின்றனர். எல்லாக் கோள்களையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவர நடந்த போரில் விடுதலை கேட்ட தரப்பு தோற்றுப்போனது.

தோற்ற தரப்பில் போரிட்ட மால்கம் ரெனால்ட்ஸ் என்பவர் செரினிட்டி என்னும் பழைய சரக்கு விண்கலத்தின் தலைவர். தம் தரப்பு இறுதியாகத் தோற்ற போர்க்களத்தின் பெயரையே அவர் கலத்துக்கு வைத்திருக்கிறார். அவரோடு சேர்த்து ஒன்பது பேர் அக்கலத்தில் பயணம் செய்கின்றனர். சரக்கு ஏற்றுவதும், கடத்துவதும், சில வேளை திருடுவதும் அவர்களின் பிழைப்பு. உலகை மீட்கும் வீரர்களாக இவர்கள் காட்டப்படவில்லை. தோற்ற பின்னும் வாழ்க்கையை ஓட்டியாக வேண்டியவர்களாகவே காட்டப்படுகின்றனர்.

நிறுத்தப்பட்ட விதம்

ஒரு தொடர் நின்றுபோனதோடு அது நின்ற விதமும் ரசிகர்களின் மனநிலையைத் தீர்மானிக்கிறது. ஃபயர்ஃபிளையில் ஒன்பது பாத்திரங்களையும் அறிமுகப்படுத்துவதற்காகவே இரண்டு மணிநேரத் தொடக்கப் பகுதி ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சி நிறுவனம் அதை முதலில் ஒளிபரப்பவில்லை. அதிரடி மிகுந்த வேறொரு தொடக்கத்தைக் கேட்டது. அவசரமாக எழுதப்பட்ட புதிய கதையே முதல் பகுதியாக வெளியானது. எனவே, யார் யாருக்கு என்ன உறவு, ஏன் ஒரே கலத்தில் இருக்கிறார்கள் என்பது முதல்முறை பார்த்தவர்களுக்குத் தெளிவாகப் புரியவில்லை. அறிமுகப் பகுதி 2002 டிசம்பர் 20 அன்று, எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக ஒளிபரப்பானது.

பார்வையாளர் குறைவாக இருக்கும் வெள்ளிக்கிழமை இரவுதான் தொடருக்குக் கிடைத்தது. சராசரியாக ஏறத்தாழ 47 லட்சம் பேர் பார்த்தனர். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிக் கணக்கில் அது போதவில்லை. ஆனால் ரசிகர்கள் கண்டது வேறு. தொடர் சரியாக இல்லாததால் தோற்றது என்று அவர்கள் கருதவில்லை; அதற்குச் சரியான வாய்ப்பே தரப்படவில்லை என்று கருதினர். இழப்போடு அநீதி என்னும் எண்ணமும் சேரும்போது மனம் அதை எளிதில் விட்டுவிடுவதில்லை.

தலைக்கணக்கும் மனக்கணக்கும்

அமெரிக்காவில் விளம்பர வருவாயை நம்பிய தொலைக்காட்சிகள் நெடுங்காலமாக நீல்சன் நிறுவனத்தின் பார்வையாளர் கணக்கீட்டையே சார்ந்திருந்தன. எத்தனை வீடுகளில், எந்த வயதினர் பார்த்தனர் என்பதை அக்கணக்கு சொல்லும். பார்த்தவர்களுக்கு அத்தொடர் எவ்வளவு முக்கியம் என்பதை அது சொல்லாது. சமைத்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்ப்பவரும், கதவைச் சாத்திவிட்டு ஒரு சொல் விடாமல் கேட்பவரும் அதில் சமமே.

அறிவியல் புனைவுத் தொடர்களில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். விண்கலம், கோள்கள், சிறப்பு ஒப்பனை, வரைகலை ஆகியவற்றால் செலவு அதிகம். கதையுலகம் புதிது என்பதால் இடையில் வந்து சேரும் பார்வையாளருக்குப் புரிவது கடினம். ஆகவே இத்தகைய தொடர்களுக்குப் பெருங்கூட்டம் சேர்வது அரிது. சேர்ந்தவர்களோ ஆழமாக ஈடுபடுவர். நிறுத்துவது என்னும் முடிவு எண்ணிக்கையைக் கொண்டு எடுக்கப்படுகிறது. அதனால் வரும் வருத்தம் ஆழத்திலிருந்து எழுகிறது. நிறுவனமும் ரசிகரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததற்கு அடிப்படை இதுவே.

பற்றுக்கான காரணங்கள்

1. கற்றுக்கொண்ட உலகம்

குடும்பக் கதையைப் பார்ப்பவருக்கு வீடும் தெருவும் உறவுகளும் முன்பே தெரிந்தவை. அறிவியல் புனைவில் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டும். ஃபயர்ஃபிளையில் பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும்போது இடையிடையே சீனமொழியில் திட்டிக்கொள்வர். வெடிப்பும் இயந்திர இரைச்சலும் விண்வெளியில் கேட்பதில்லை. அங்கு காற்று இல்லை என்பதால் காட்சி அமைதியாக இருக்கும். எந்தக் கோள் யாருடையது, போரில் யார் எந்தப் பக்கம் என்பவற்றைப் பார்வையாளரே சிறு குறிப்புகளிலிருந்து தொகுத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு உழைத்துக் கற்ற உலகத்தைப் பார்வையாளர் தமக்கும் உரியதாக உணர்கிறார். அது மூடப்படும்போது, தாம் கட்ட உதவிய வீடு பூட்டப்பட்டது போன்ற உணர்வு ஏற்படுகிறது.

2. முடிவடையாத கதை

உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிட இடையில் தடுக்கப்பட்ட வேலைகளை மனிதர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பதாகக் கூறினார். இது அவர் பெயராலேயே சைகார்னிக் விளைவு எனப்படுகிறது. பின்னர் செய்யப்பட்ட சோதனைகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. அவருடைய சக ஆய்வாளர் மரியா ஓவ்சியான்கினா 1928இல் வேறொன்றைக் காட்டினார்: தடைபட்ட வேலையை, யாரும் சொல்லாமலேயே, மீண்டும் எடுத்துச் செய்து முடிக்க மனிதர்கள் முற்படுகின்றனர். ரசிகர்களின் செயலுக்கு இவ்விரண்டாவது கருத்தே கூடுதலாகப் பொருந்துகிறது.

ஃபயர்ஃபிளை நின்றபோது பல முடிச்சுகள் அவிழாமல் இருந்தன. ரிவர் என்னும் இளம்பெண்ணுக்கு அரசு என்ன செய்தது? கலத்தில் வரும் மதபோதகர் புக்கின் கடந்தகாலம் என்ன? முதல் கேள்விக்கு 2005இல் வந்த திரைப்படத்தில் விடை கிடைத்தது. இரண்டாவதற்கு 2010இல் ஒரு சித்திரக்கதையில்தான் கிடைத்தது. விடை வரும்வரை ரசிகர்கள் தாமே கதை எழுதினர், வாதிட்டனர், ஊகித்தனர். முழுமையாக முடிந்த தொடர் இந்த வேலையை யாருக்கும் தருவதில்லை.

3. ஒருவழி உறவு

திரையில் வாரந்தோறும் காணும் முகங்களோடு பார்வையாளருக்கு நட்பு போன்ற ஓர் உறவு உருவாகிறது. மறுபக்கத்தில் இருப்பவருக்கு இவரைத் தெரியாது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய ஆய்வாளர்கள் 1956இல் இதை முதன்முதலில் விளக்கினர். இத்தகைய உறவு அறிவுக்குறைவின் அடையாளம் அன்று. பேசும் முகத்துக்கு மறுமொழி தருவது மனித இயல்பு. தொடர் நிற்கும்போது இந்த உறவு முறிகிறது. கெரன் எயால், ஜொனாத்தன் கோஹன் ஆகியோர் பிரண்ட்ஸ் என்னும் நகைச்சுவைத் தொடர் முடிந்தபோது மாணவர்களிடையே செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வருத்தம் ஏற்பட்டது. ஆயினும் நேரில் பழகியவரைப் பிரியும் வருத்தத்தைவிட அது குறைவே.

பிரண்ட்ஸ் பத்துப் பருவங்கள் ஓடி, விடைபெற்று முடிந்த தொடர். விடைபெறும் காட்சியே இல்லாமல் நிற்கும் தொடரில் பார்வையாளருக்கு அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை.

4. வெளியே சொல்ல முடியாத வருத்தம்

கென்னத் டோக்கா என்னும் அறிஞர், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துயரம் பற்றி 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். வளர்ப்பு விலங்கின் இறப்பு, பிரிந்துபோன முன்னாள் துணையின் இறப்பு போன்றவற்றில் வருந்துபவருக்கு மற்றவர்கள் ஆறுதல் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கின்றனர். இக்கருத்து தொலைக்காட்சி ரசிகர்களை எண்ணி உருவாக்கப்பட்டதன்று. ஆனாலும் அவர்கள் நிலைக்கும் பொருந்துகிறது. "வெறும் சீரியல்தானே" என்ற பதிலைக் கேட்டவர், அதைப் புரிந்துகொள்ளும் இன்னொருவரைத் தேடுகிறார். அவ்வாறு தேடிய பலர் ஒன்றுசேர்ந்ததே ரசிகர் குழு.

5. குழுவே தொடராக மாறுதல்

ஃபயர்ஃபிளை ரசிகர்கள் தங்களை பிரவுன்கோட்ஸ் என்று அழைத்துக்கொள்கின்றனர். பழுப்பு மேலங்கி அணிந்தவர் என்பது அதன் பொருள். கதையில் போரில் தோற்ற தரப்பு வீரர்களின் பெயர் அது. தோற்றும் பணியாதவர்களின் கதையைப் பார்த்தவர்கள், தொடர் நிறுத்தப்பட்டபோது தாங்களும் அந்த இடத்தில் நிற்பதாக உணர்ந்தனர். கதையின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டனர்.

இக்குழுவினர் பணம் திரட்டித் திரைத்துறை இதழான வெரைட்டியில் விளம்பரம் கொடுத்தனர். 2003 டிசம்பரில் வெளியான டிவிடி தொகுப்பை வாங்கியதோடு நண்பர்களுக்கும் கடனாகக் கொடுத்துப் பார்க்கவைத்தனர். அத்தொகுப்பில்தான் பகுதிகள் உரிய வரிசையில் இடம்பெற்றன. ஒளிபரப்பாத மூன்றும் சேர்க்கப்பட்டன. 2006 முதல் பெண்கள் உரிமைக்காகப் பாடுபடும் ஈக்வாலிட்டி நௌ அமைப்புக்கு நிதி திரட்டத் திரையிடல்கள் நடத்தினர். 2007இல் விண்வெளி வீரர் ஸ்டீவன் சுவான்சன் இத்தொடரின் டிவிடிகளைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு எடுத்துச் சென்றார். இக்கட்டத்தில் ரசிகர்களைப் பிணைப்பது 14 பகுதிகள் மட்டுமல்ல. ஒன்றாகச் சேர்ந்து கழித்த ஆண்டுகளும்தான்.

முன்னோடிகளும் பின்வந்தவையும்

நிறுத்தப்பட்ட தொடர் மீண்டு வரும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு.

ஸ்டார் டிரெக் (1966–1969): இரண்டாம் பருவத்தின்போது தொடர் நிற்கப்போவதாகச் செய்தி பரவியது. பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் கடித இயக்கம் நடத்தினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக என்பிசி தொலைக்காட்சியே தெரிவித்தது. தொடருக்கு மூன்றாம் பருவம் கிடைத்தது. 1969இல் தொடர் நின்றபின் மறுஒளிபரப்புகள் வழியாகவே அதன் பெரும்புகழ் வளர்ந்தது. 1979இல் முதல் திரைப்படம் வந்தது.

டாக்டர் ஹூ: பிபிசி 1989இல் நிறுத்திய இத்தொடர் 2005இல் முறையாக மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நாவல்களும் ஒலிநாடகங்களும் கதையைத் தொடர்ந்தன. அதை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறுவயது முதல் அதன் ரசிகர். 1996இல் அதற்கு ஒரு நாவலும் எழுதியவர்.

ஜெரிக்கோ: அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின் தப்பிப் பிழைக்கும் சிற்றூரின் கதை. 2007இல் சிபிஎஸ் நிறுத்தியபோது, கதையில் வந்த "நட்ஸ்" என்ற மறுப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் ஏறத்தாழ 20 டன் கடலையை அந்நிறுவனத்துக்கு அனுப்பினர். மேலும் ஏழு பகுதிகள் கிடைத்தன. பிறகு தொடர் மீண்டும் நின்றது.

தி எக்ஸ்பான்ஸ்: சைஃபை அலைவரிசை 2018இல் மூன்று பருவங்களோடு கைவிட்டது. ரசிகர்கள் பதாகை கட்டிய சிறுவிமானத்தை அமேசான் ஸ்டுடியோ அலுவலகத்தின் மேல் பறக்கவிட்டனர். அமேசான் அதை ஏற்று மேலும் மூன்று பருவங்கள் வெளியிட்டது.

இத்தகைய வெற்றிகள் சில. மீளாமல் போன தொடர்கள் மிகப் பல. எனினும் அச்சில வெற்றிகளே ஒவ்வொரு புதிய ரசிகர் குழுவுக்கும் நம்பிக்கையைத் தருகின்றன.

பற்றின் எல்லை

ரசிகர் பற்றால் எல்லாவற்றையும் சாதிக்க முடியாது என்பதற்கும் ஃபயர்ஃபிளையே சான்று. டிவிடி விற்பனையும் ரசிகர் ஆர்வமும் துணைநிற்க, யுனிவர்சல் நிறுவனம் செரினிட்டி என்ற திரைப்படத்தை 2005 செப்டம்பர் 30 அன்று வெளியிட்டது. முன்காட்சிகளுக்கான சீட்டுகள் விரைவில் தீர்ந்தன. ஆயினும் ஏறத்தாழ 3.9 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் உலகம் முழுவதும் 4 கோடி டாலர் அளவே ஈட்டியது. திரையரங்குகளின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால் அது லாபம் ஆகாது. அடுத்த படம் வரவில்லை. சிலரின் ஆழமான பற்று பலரின் வருகைக்கு ஈடாகாது என்ற பழைய கணக்கு மீண்டும் உறுதியானது.

இன்னொன்றையும் கருத வேண்டும். பாதியில் நின்ற தொடருக்குச் சோர்ந்துபோன ஏழாம் பருவம் கிடையாது. ஏமாற்றம் தந்த இறுதிக் காட்சியும் கிடையாது. ரசிகர் மனத்தில் அது எப்போதும் இன்னும் சிறப்பாக வளர்ந்திருக்கக்கூடிய ஒன்றாகவே இருக்கிறது. நினைவில் போற்றப்படும் தொடரில் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. மறுபகுதி ரசிகர்கள் கற்பனையில் சேர்த்தது.

அதனால் அந்தப் பற்று பொய்யாகிவிடாது. கதையை உருவாக்கியவர் கைவிட நேர்ந்த இடத்திலிருந்து கேட்டவர்கள் எடுத்துச் செல்கின்றனர். ஃபயர்ஃபிளையில் செரினிட்டி கலம் அடிக்கடி பழுதடையும், உதிரிப்பாகம் கிடைக்காது, கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போட்டு ஓட்டுவார்கள். நின்றுபோன தொடரை ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாக நடத்திவருவதும் ஏறக்குறைய அவ்வாறுதான்.