ஹெல்த் பார் இல்லாத கடவுள்

திரைக்குள் ஒரு தேசம் – 17

சென்ற வாரம் பாஸ் சண்டைகளைப் பார்த்தோம். எவ்வளவு பெரிய அரக்கனாக இருந்தாலும் திரையின் ஓரத்தில் அவனுக்கென்று ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அடிக்க அடிக்க அது தேயும். தேய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். எத்தனை தடவை செத்தாலும் அடுத்த தடவை முடித்துவிடலாம் என்ற தெம்பு வரும். ஹெல்த் பார் இருந்தால் கொல்லலாம். ஆக்‌ஷன் கேம்களில் யாரும் எழுதி வைக்காத விதி இது.

கொல்லவே முடியாத ஒன்றை இந்த விதிக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? கையில் துப்பாக்கி இருக்கிறது. எதிரே நிற்பதோ மனிதக் கணக்கில் அடங்காத ஒரு ஜந்து. ‘ப்ளட்போர்ன்’ மாதிரி ஒன்றிரண்டு பெரிய கேம்கள் இந்தச் சிக்கலை நன்றாகக் கையாண்டிருக்கின்றன. ஆனால், கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதற்கு விதவிதமாகப் பதில் தேடியவர்கள் பெரும்பாலும் இண்டி ஆட்கள்தான். நாலைந்து பேர் சேர்ந்த குழுக்கள். சில சமயம் ஒற்றை ஆள்.

எல்லாவற்றுக்கும் வேர் எச். பி. லவ்கிராஃப்ட். அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்தவர். 1928 பிப்ரவரியில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மலிவு விலைப் பத்திரிகையில் ‘தி கால் ஆஃப் கதூலு’ கதையை வெளியிட்டார். பசிபிக் கடலடியில் மூழ்கிக் கிடக்கும் நகரத்தில் உறங்குகிறது கதூலு. நம் ஊர்ப் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். அநியாயமாகச் செத்திருக்கும், பழி தீர்க்க வரும், படையல் போட்டால் அடங்கும். கதூலுவுக்கு நம்மேல் கோபமே கிடையாது. நாம் என்று ஒரு இனம் இருப்பதே அதற்கு ஒரு பொருட்டில்லை. லவ்கிராஃப்டின் திகில் முழுவதும் அந்தப் பொருட்படுத்தாமையில்தான் இருக்கிறது.

அந்தக் கதையின் உச்சக்கட்டம் இன்றைய கேம் எதிலும் வைக்கக்கூடியது. யோஹான்சன் என்ற நார்வே மாலுமி, துரத்திவரும் கதூலுவின் தலைமேலேயே கப்பலைத் திருப்பி ஏற்றுகிறான். தலை பிளந்து சிதறுகிறது. கப்பல் தாண்டிப் போனதும் சிதறியதெல்லாம் மறுபடி ஒன்றுகூடுகிறது. அடி விழுந்தது, ஆனால் வெற்றி இல்லை. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லவ்கிராஃப்ட் 1937இல் வறுமையில் இறந்தார். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிடும் ஐரோப்பிய நாடுகளில் 2008 முதல் அவருடைய கதைகள் பொதுச்சொத்து. உயிரோடு இருக்கும்போதே, தன் கற்பனைத் தெய்வங்களை மற்ற எழுத்தாளர்கள் எடுத்தாள்வதை அவர் ஊக்குவித்தவர். கையில் காசில்லாத இண்டி ஆட்கள் கதூலுவின் பக்கம் ஓடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கடுமையான இனவெறி கொண்டவர். இன்ஸ்மவுத் ஊரைப் பற்றிய அவரது புகழ்பெற்ற கதையில் வரும் மீன் மனிதர்களுக்குப் பின்னால் இருப்பது கலப்பு மணத்தின் மீதான அருவருப்பு. உக்ரைனின் ஃப்ராக்வேர்ஸ் நிறுவனம் 2019இல் ‘தி சிங்கிங் சிட்டி’யை வெளியிட்டபோது, அந்தக் காலத்தில் சிறுபான்மையினர் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி கேமின் தொடக்கத்திலேயே ஒரு அறிவிப்பு வைத்தது. அதுதான் நேர்மை. அவருடைய அசுரர்களை எடுத்துக்கொள்ளலாம். அவை எந்த வெறுப்பில் பிறந்தன என்பதை மறக்கக் கூடாது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் பகடையும் காகிதமும் இருந்தன. 1981இல் கேயாஸியம் நிறுவனம் ‘கால் ஆஃப் கதூலு’வை மேஜையில் உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டாகக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் சாண்டி பீட்டர்சன். அதுவரை இந்த வகை ஆட்டங்களில் உடம்புக்குத்தான் எண் இருந்தது. வாள் பட்டால் குறையும். பீட்டர்சன் ஆட்டத்தில் மனதுக்கும் ஓர் எண் வந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அது குறையும், பூஜ்யத்துக்கு வந்தால் புத்தி பேதலிக்கும். அசுரன் தலைக்குமேல் இருக்க வேண்டிய கோடு நம் தலைக்குள் வந்துவிட்டது. பிற்பாடு வந்த அத்தனை கேம்களும் இந்த ஒரு யோசனைக்குக் கடன்பட்டவை.

இதே பீட்டர்சன் பிறகு இட் சாஃப்ட்வேரில் சேர்ந்து ‘டூம்’, ‘க்வேக்’ இரண்டிலும் வேலை செய்தார். 1996இல் வந்த ‘க்வேக்’கின் கடைசியில் ஷப்-நிக்குராத் என்ற லவ்கிராஃப்ட் தெய்வம் நிற்கும். கேம் முழுக்கச் சேர்த்து வைத்த குண்டுகளை எல்லாம் அதன்மேல் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. முள் பதித்த உருண்டை ஒன்று அந்த இடத்தைச் சுற்றி மிதந்து, ஷப்-நிக்குராத்தின் உடலுக்குள் புகுந்து வெளியே வரும். அது உள்ளே இருக்கும் நேரம் பார்த்து டெலிபோர்ட்டருக்குள் குதித்தால், நாம் அந்த உடலுக்குள்ளேயே போய்த் தோன்றுவோம்; அது வெடித்துச் சிதறும். அன்றைக்குப் பலருக்கு இது சப்பென்று இருந்தது. எனக்கு இன்றும் பிடித்த முடிவு இதுதான். சுடுவதற்காகவே செய்த ஒரு கேம், கடைசியில் துப்பாக்கியால் பயனில்லை என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

துப்பாக்கியையே தூக்கி எறிந்தவர்கள் சுவீடன்காரர்கள். ஹெல்சிங்போரியில் இயங்கிய ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் என்ற சிறு குழு 2010 செப்டம்பரில் ‘அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’டை வெளியிட்டது. 1839இல் ப்ரஷ்யாவின் ஒரு கோட்டையில் நினைவிழந்து விழிக்கிறான் டேனியல். அவனிடம் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் புத்தி தடுமாறும். வெளிச்சத்தில் நின்றால் ஜந்துவின் கண்ணில் பட்டுவிடுவோம். விளக்குக்கு எண்ணெயும் கொஞ்சம்தான்.

இதில் வெள்ளம் புகுந்த நிலவறை ஒன்று வரும். தண்ணீரில் ஏதோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அது நடக்கும்போது எழும் தண்ணீர்த் தெறிப்பு மட்டும் நம்மை நோக்கி வரும். மிதக்கும் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவிப் போக வேண்டும். கால் தவறி இறங்கினால் சளப், சளப் என்று அது ஓடி வரும். அங்கே கிடக்கும் சதைத் துண்டை எடுத்து ஒரு மூலையில் வீசினால் அது அங்கே போகும். அந்தச் சில நொடிகளில் கதவுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இந்தக் கட்டத்தை ஆடிய எவரைக் கேட்டாலும் வியர்த்ததைச் சொல்வார்கள். இத்தனைக்கும் அந்த ஜந்துவுக்கு முகம் வரைய வேண்டிய வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை.

மனதுக்கு எண் வைக்கும் யோசனையை யாரும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோனது ‘டார்கெஸ்ட் டஞ்சன்’. கனடாவின் வான்கூவரில் கிறிஸ் பூராசாவும் டைலர் சிக்மனும் தொடங்கிய ரெட் ஹுக் ஸ்டூடியோஸ், 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 75,000 டாலர் கேட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. 2016 ஜனவரியில் கேம் முழுமையாக வெளியானது. பாழடைந்த மாளிகை, அதற்கு அடியில் என்னவென்று தெரியாத ஒன்று. நான்கு நான்கு பேராக உள்ளே அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிர் எவ்வளவு என்பதோடு மன அழுத்தம் எவ்வளவு என்றும் ஒரு கணக்கு. அது 100ஐத் தொட்டால் அந்த ஆள் உடைவான். சந்தேகப்பிராணி ஆவான், சுயநலக்காரன் ஆவான், நம்பிக்கை இழப்பான். மருந்து கொடுக்க வருபவரையே தட்டிவிடுவான். கூட இருப்பவர்களை ஏசுவான். அந்த ஏச்சில் அவர்களுடைய அழுத்தமும் ஏறும். அபூர்வமாகச் சிலர் அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து நிற்பார்கள். 200ஐத் தொட்டால் மாரடைப்பு.

ஒரு அசுரன் நான்கு பேரை அடிப்பதைவிட, நான்கு பேர் ஒருவரையொருவர் தின்பது பயங்கரம் என்று கண்டுகொண்ட கேம் இது. பழைய துறவி மடத்திலும் மதுக்கடையிலும் ஆட்களை விட்டு மனதைத் தேற்றி, மறுபடி அதே குழிக்குள் அனுப்புகிறோம். அனுப்புகிற நாமும் அந்த மாளிகையின் ஒரு பகுதிதான் என்று மெல்ல உறைக்கும். கேம் முழுக்க ஒலிக்கும் கனத்த குரல் வேய்ன் ஜூனுடையது. லவ்கிராஃப்ட் கதைகளை ஒலிப்புத்தகமாகப் படித்தவர் அவர். அதைக் கேட்டுத்தான் இவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2025 ஜனவரியில் அவர் காலமானார். அந்தக் குரல் இல்லாமல் இந்த கேமை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசி எதிரிக்கு ஹெல்த் பார் உண்டு. ஆனால், சண்டையின் நடுவே அது நம்மிடம் ஒன்று கேட்கும்: உன் நால்வரில் ஒருவரைக் கொடு. யார் என்று நாமேதான் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்ட ஆள் அந்த இடத்திலேயே சாவார். தடுக்க வழியில்லை. பல மணி நேரம் வளர்த்த ஆள், பெயர் வைத்த ஆள். அதையும் தாண்டி ஜெயித்தால், பின்னால் வரும் காட்சி அந்த ஜெயத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடக்கும் என்கிறது. யோஹான்சனின் கப்பல் பிளந்த தலை ஒன்றுகூடியதே, அதேதான்.

டேவிட் ஷிமான்ஸ்கி என்ற அமெரிக்கரின் இரண்டு கேம்களை அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் இந்தச் சிக்கல் மொத்தமும் விளங்கும். 2018இல் வந்த ‘டஸ்க்’, பழைய ‘க்வேக்’ பாணியில் தலைதெறிக்க ஓடிச் சுடும் கேம். பென்சில்வேனியா கிராமம், முகமூடி போட்ட வழிபாட்டுக் கூட்டம், பண்ணை வீடுகள், கடைசியில் லவ்கிராஃப்டின் நயார்லதொடெப். சுடுவதில் இவ்வளவு சுகம் தரும் கேம்கள் குறைவு. முதல் பாகத்தின் இருட்டான பண்ணை வீடுகளில் பயமும் இருக்கிறது. ஆனால், நயார்லதொடெப்பைச் சுட்டுச் சாய்க்கும் நேரத்தில் பயம் போய்விடுகிறது. அது இன்னொரு பாஸ், அவ்வளவுதான்.

அதே ஆள் 2022இல் ‘அயர்ன் லங்’ செய்தார். பிரபஞ்சத்தின் நட்சத்திரங்களும் மனிதர் வாழும் கோள்களும் ஒரே நாளில் மாயமாகிவிட்டன. விண்வெளி நிலையங்களில் இருந்த சிலர் மட்டும் மிச்சம். ஒரு நிலவில் ரத்தக் கடல் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு கைதியைத் துருப்பிடித்த நீர்மூழ்கிக்குள் போட்டு, கதவைப் பற்றவைத்து, கடலுக்குள் இறக்குகிறார்கள். அந்தக் கைதி நாம்.

மொத்த கேமும் ஒரே அறைதான். ஆழத்தின் அழுத்தம் தாங்காது என்று ஜன்னலையும் இரும்பால் மூடிவிட்டார்கள். முன்னால் சில பொத்தான்கள், ஒரு வரைபடம், நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள். எண்ணைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, குத்துமதிப்பாக ஓட்ட வேண்டும். வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே வழி, அறையின் பின்பக்கம் நடந்து போய் கேமரா பொத்தானை அழுத்துவது. சில நொடி கழித்து மங்கலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வரும். பாறையா, எலும்பா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். படம் அசையாது. எடுத்த நொடிக்குப் பிறகு வெளியே என்ன அசைந்தது என்று தெரியாது. சென்சார் ஒலித்தால் சுவர் நெருங்குகிறது என்று பொருள். நாம் நகராமல் நிற்கும்போது ஒலித்தால்?

இங்கே சுட ஒன்றும் இல்லை, ஓட இடம் இல்லை, யாருக்கும் ஹெல்த் பார் இல்லை. அந்த ஜந்து நேரில் வருவது கடைசியில் ஒரே ஒரு கணம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் அதை நம் மனதே வரைந்துகொண்டிருக்கும். பணம் இல்லாததால் ஒரே அறையோடு நின்றாரா, வேண்டுமென்றே நின்றாரா என்பது இங்கே முக்கியமில்லை. பெரிய பட்ஜெட் கிடைத்திருந்தால் அந்த ஜன்னலை யாரேனும் திறந்திருப்பார்கள். இந்த கேமை மார்க்கிப்ளையர் என்ற யூடியூபர் திரைப்படமாகவும் எடுத்திருக்கிறார்.

இடமில்லாததால் இரண்டை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலந்தின் பாவெல் கோஷ்மின்ஸ்கி தொழில்முறைப் பல் மருத்துவர், எம்.எஸ். பெயிண்ட்டில் வரைந்தே ‘வேர்ல்ட் ஆஃப் ஹாரர்’ என்ற கேமை முடித்தார். ஜப்பானியச் சிறு நகரம், திகில் மங்கா ஓவியர் ஜுன்ஜி இட்டோவின் சாயல். நியூசிலாந்தின் ப்ளாக் சால்ட் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘டிரெட்ஜ்’ஜில் நாம் மீனவர். பகலில் அமைதியாக மீன் பிடிக்கலாம். இரவில் கடலில் தங்கினால் பகலில் இல்லாத பாறை திடீரென்று எதிரே முளைக்கும், வலையில் கண் பெருத்த கோர மீன்கள் ஏறும்.

இந்த வாரம் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் ‘அயர்ன் லங்’கை எடுங்கள். ஸ்டீமில் கிடைக்கிறது, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். ஹெட்போன் கட்டாயம். ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றால் ‘டஸ்க்’. பொறுமை உள்ளவர்களுக்கு ‘டார்கெஸ்ட் டஞ்சன்’. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ‘அம்னீஷியா’வை அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள்; அதில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு.